மறந்து தின்றது ஒன்று

ஆறு. முனிஸா பூவை ஜன்னல் பக்கம் திருப்பி, இதழ்களை விரலால் விலக்கி மறுபடியும் எண்ணினாள். நடுவில் மஞ்சள் தலையோடு நின்ற இழைகள் ஆறுதான். கோப்பைத் தண்ணீரில் செருகியிருந்த அடுத்த பூவை எடுத்தாள். அதிலும் ஆறு. மூன்று இருந்தால் அது பிள்ளைகள் கிழங்கு தோண்டித் தின்கிற பாய்செச்சக். ஆறு இருந்தாலும் ஊர்க்காரர்கள் வாயில் அது பாய்செச்சக்தான். பனி உருகிய இடத்தில் முதலில் எட்டிப் பார்க்கும் வெள்ளைப் பூ எதுவானாலும் அவர்களுக்கு ஒரே பெயர். ஆனால் ஆறு இழைப் பூவின் கிழங்கில் இருக்கும் நஞ்சை, தாஷ்கண்ட் ஆய்வகத்தில் முனிஸா கையுறை மாட்டிக்கொண்டுதான் தொடுவாள்.

காலையில் சாரோஸ் மலைச்சரிவிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து இந்தக் கொத்தை நீட்டியபோது முனிஸா என்ன செய்தாள்? "பாய்செச்சக்கா கண்ணு? அழகா இருக்கே" என்று சொல்லி, வழக்கப்படி பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு மிட்டாயைக் கொடுத்துவிட்டு மறுபடி போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பத்து வருடப் படிப்பு அந்த ஒரு நிமிடத்துக்கு உதவவில்லை. மத்தியானம் கோப்பைக்குத் தண்ணீர் மாற்ற வந்தபோதுதான் கண் திறந்தது.

மேசைக்குக் கீழே விரித்த செய்தித்தாளில் மூன்று கறுத்த தோல்கள் கிடந்தன. உரித்துப் போட்ட தோல்கள். உள்ளே இருந்த கிழங்கைக் காணோம்.

"சாரோஸ்! இந்தக் கிழங்கெல்லாம் எங்கடி?"

முற்றத்தில் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த குழந்தை நிமிர்ந்தது. ஏழு வயசு, நேற்றுத்தான் முன்பல் ஒன்று விழுந்திருந்தது. முதலில் அத்தையைப் பார்த்தது. அத்தை ஹோசியத் தந்தூர் அடுப்புக்குள் பாதி உடம்பை விட்டு ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"நான்தாம்மா தின்னேன்."

"மூணுமா?"

"மூணும்தான்," என்றது குழந்தை, ரொம்பத் தெளிவாக.

ஒரு கிழங்கே இந்த உடம்புக்கு அதிகம். மூன்று என்றால் என்ன என்பதை முனிஸா மனசுக்குள் முடிக்கவில்லை. முடிக்கத் துணியவில்லை.

ஹோசியத் அடுப்பிலிருந்து சிவந்த முகத்தை எடுத்தாள். முனிஸாவின் கணவனுக்கு மூத்த அக்கா. தாய் செத்த வீட்டில் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள், அந்த உரிமையில் தம்பி மனைவியையும் வாயால் வளர்த்துக்கொண்டிருப்பவள். தம்பி புகாரா பக்கம் எரிவாயு வயலில் வேலையாக இருந்ததால் தாயும் மகளும் மட்டும் இரண்டு நாள் தங்க வந்திருந்தார்கள்.

"என்ன கெலின், மூஞ்சி மாவு மாதிரி வெளுத்துக் கிடக்கு?" மருமகளாக வந்தவளை அந்த வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கெலின்தான். அவளும் நாத்தனாரை அக்கா என்கிற பொருளில் ஓபா என்பாள். "நோன்பு பிடிக்கிறது நான். மயக்கம் உனக்கு வருதா?"

"ஓபா, புள்ள கிழங்கைத் தின்னுட்டா. விஷக் கிழங்கு."

"பாய்செச்சக்கா விஷம்? உன் புருஷன் இந்தச் சரிவையே நோண்டித் தின்னுதான் ஆறடி வளந்து நிக்கிறான். டவுன்காரங்களுக்குக் காத்து கூட விஷம்தான்."

"இது அந்தப் பாய்செச்சக் இல்ல, ஓபா. இது வேற. நான் ஆய்வகத்துல செல்லு மேல விடற மருந்தே இந்தக் குடும்பத்துச் செடியிலிருந்துதான் வருது."

ஹோசியத் சிரிக்க வாயெடுத்தாள். முனிஸா கார் சாவியைத் தேடி எடுப்பதைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "சரி, டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோம். காட்டறதுல என்ன," என்றாள். தந்தூரில் ஒட்டிய ரொட்டிகளை அப்படியே கருக விட்டுவிட்டு, மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள். நோன்பு திறக்கிற ரொட்டியை அவள் கருக விட்டதை அந்தத் தெருவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முனிஸாவுக்கு அப்போது அதெல்லாம் கண்ணில் படவில்லை. தோல்களையும் பூக்களையும் செய்தித்தாளோடு மடித்து எடுத்துக்கொண்டாள். மாதிரியைப் பத்திரப்படுத்துகிற கை, புத்தி கலங்கினாலும் தன் வேலையைச் செய்தது.

வெள்ளை மாட்டிஸ் கார் வளைவுகளில் இறங்கியது. பின்சீட்டில் அத்தை மடியில் உட்கார்ந்து சாரோஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். பாடட்டும். பாடுவதுதான் பயமே. இந்த நஞ்சு தின்ற உடனே எதையும் காட்டிக்கொள்ளாது. குழந்தை ஓடும், ஆடும், பசிக்கிறது என்று கேட்கும். பார்க்கிறவன் நம்மைப் பைத்தியம் என்பான்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முனிஸாவுக்கு அது தினமும் கண்ணால் பார்க்கிற காட்சி. நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு நரம்புச் செல்லை வைத்தால், பச்சையாக ஒளிரும் குட்டிக் குட்டிப் பைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். செல்லின் நடுவில் தயாரான சரக்கைச் சவ்வில் பொதிந்து ஓரத்துக்கு அனுப்புகிற பைகள். அவை மிதந்து போவதில்லை. குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய குழாய்ப் பாதைகள் ஓடுகின்றன. ஒவ்வொரு பாதையின் மேலும், இரண்டு கால் உள்ள ஒரு புரதம் தன்னை விடப் பலமடங்கு பெரிய பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அடி மேல் அடி வைத்து நடக்கும். ஒன்று ஓரத்துக்குப் போகும், இன்னொன்று குப்பையை வாங்கிக்கொண்டு நடுவுக்குத் திரும்பும். ஒருமுறை இதை ஹோசியத்துக்குக் கணினியில் காட்டியதற்கு, "அட, நம்ம பஜார் ஹம்மால்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தாள். மூட்டை தூக்குகிறவர்கள். அதிலிருந்து போனில் நலம் விசாரிக்கும்போதெல்லாம், "ஹம்மாலுங்க எல்லாரும் சௌக்கியமா? கூலி ஒழுங்கா குடுக்கறியா?" என்பதுதான் முதல் கேள்வி.

அந்தப் பாதைகள் கல்லில் வெட்டியவை அல்ல, அங்கேதான் ஆபத்து. மணி மணியாகக் கோத்த பாதைகள். ஒரு முனையில் மணி சேர்ந்துகொண்டே இருக்கும், உதிர்ந்துகொண்டும் இருக்கும். நஞ்சு எதையும் உடைக்காது, எரிக்காது. சேரப்போகிற மணியைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். சேர்வது நிற்கும், உதிர்வது நிற்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாதை கரைந்து காணாமல் போகும். அப்போது பைகள் நிற்பதை முனிஸா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். முதலில் ஒன்று தயங்கும், பிறகு இன்னொன்று. சரக்கு நிறைந்த பைகள் நடுவழியில் நின்று, இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். அந்தப் படங்களைக் கருத்தரங்கில் போட்டுக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். இப்போது அதே படம் குழந்தையின் குடலில், ரத்தம் ஊறுகிற எலும்புக்குள், இதயத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது ஆக்ஸிலரேட்டரில் கால் அழுந்தியது.

"மெதுவா போ கெலின். விஷத்துக்கு முன்னாடி நீ கொன்னுருவ போலிருக்கு," என்றாள் ஹோசியத். கொஞ்ச தூரம் போனதும் வேறு குரலில், "எப்போ தெரியும் இது?" என்று கேட்டாள்.

"சாயந்தரம். இல்லன்னா ராத்திரி. முதல்ல வாந்தி, வயித்துவலி. அப்புறம் ஒரு நாள் நல்லாயிட்ட மாதிரி இருக்கும். அதுக்கப்புறம்..." கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. நிறுத்திக்கொண்டாள்.

"சின்னப் புள்ளைங்களுக்குத்தான் அப்படி. பெரியவங்க தாங்குவாங்கல்ல?"

"எவ்வளவு உள்ள போச்சுங்கறதுதான் கணக்கு ஓபா. வயசு இல்ல."

ஹோசியத் குழந்தையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். அவள் பேசாமல் வருவது உலக அதிசயம். குழந்தைக்காகப் பயப்படுகிறாள் என்று முனிஸா நினைத்தாள். பாவம், எவ்வளவு பாசம் என்று கூட நினைத்தாள்.

மாவட்ட ஆஸ்பத்திரி நோன்பு நாளின் பின்மதியத் தூக்கத்தில் இருந்தது. டாக்டர் சாதுல்லா உலர்ந்த உதட்டோடு கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். குழந்தையின் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், கூச்சத்தில் அது சிரித்தது.

"என்ன தின்னா?"

"பாய்செச்சக் கிழங்கு," என்று சொல்லி முடிக்கும் முன்பே முனிஸா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன பெயர்.

டாக்டர் முகம் மலர்ந்தது. "நானே குல்லா நிறையத் தின்னிருக்கேன் தங்கச்சி. அதுக்கா இவ்வளவு தூரம்?"

முனிஸா செய்தித்தாளை மேசையில் பிரித்தாள். "இதைப் பாருங்க டாக்டர். நீங்க தின்னதுல மூணு இழை இருந்திருக்கும். இதுல ஆறு. இது கோல்ச்சிசின். யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்கினா நீங்க எழுதற மாத்திரை. ஒரு கிழங்குல அந்த மாத்திரை எத்தனை இருக்கும்னு நினைக்கிறீங்க?"

டாக்டர் பூவைப் பார்த்தார். தோல்களைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போன விதம் முனிஸாவுக்கு ஆறுதலாக இல்லை. இதுவரை அவள் ஒருத்திதான் பயந்தாள். தப்பாகவும் இருக்கலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

"எத்தனை தின்னா?"

"மூணு."

"எப்போ?"

"மத்தியானத் தொழுகைக்கு முன்னாடி," என்றது ஹோசியத்தின் குரல், மெல்ல.

டாக்டர் நர்ஸைக் கூவி அழைத்தார். வயிற்றைக் கழுவ வேண்டும், பிறகு கரித்தூள் கரைத்துக் கொடுக்க வேண்டும், இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. அவர் அடுக்கிக்கொண்டே போனதெல்லாம் முனிஸாவுக்கு முன்பே தெரியும். நர்ஸ் ஒரு வாளியும் நீண்ட ரப்பர் குழாயும் கொண்டுவந்தாள். குழாயைப் பார்த்ததும்தான் சாரோஸுக்குப் பயம் வந்தது. "அம்மா வேணாம்! அம்மா! அத்தை!" என்று வீறிட்டாள். முனிஸா மகளின் தோளை அழுத்திப் பிடித்தாள். தன் கையாலேயே பிடிக்க வேண்டியிருந்தது. குழந்தையின் எலும்பு கைக்குள் குருவி எலும்பு போல் இருந்தது.

"வாயத் திற கண்ணு. ஒரே நிமிஷம்."

"நிறுத்துங்க!"

ஹோசியத் நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"புள்ள தின்னல. விடுங்க அவள. நான்தான் தின்னேன்."

அத்தையின் முகம் நெருப்பில் காட்டியது போல் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "மாவு பிசைஞ்சிட்டிருந்தேன். ரெண்டு கையும் மாவு. புள்ள ஒண்ண உரிச்சு எடுத்துட்டு வந்து வாயில வெச்சா. நோன்புங்கற நெனப்பே இல்ல, மென்னு முழுங்கிட்டேன். மறந்து தின்னா நோன்பு போகாது. அல்லா ஊட்டினதுதான் அது. இருந்தாலும் வெக்கமா இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லாதடின்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"நான் சொல்லல அத்தை! நீங்களே சொல்லிட்டீங்க!" என்றது குழந்தை, அழுகைக்கு நடுவில், கோபத்தோடு. வாக்கைக் காப்பாற்றியவளுக்கு உரிய கோபம்.

முனிஸா குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "நீ தின்னவே இல்லையா? சாரோஸ், என்னைப் பாரு. கொஞ்சம் கூடவா இல்ல?"

"ஒண்ண கடிச்சேன். கசப்பு. துப்பிட்டேன். முழுசா துப்பிட்டேம்மா, கோழி கொத்திச்சு."

டாக்டர் மேசையில் கிடந்த தோல்களை விரலால் தள்ளி எண்ணினார். "நீங்க ஒண்ணு. இவ துப்பினது ஒண்ணு. இங்க மூணு இருக்கே. மூணாவது?"

ஹோசியத் வாளியை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"எங்கயாவது விழுந்திருக்கும்," என்றாள் ஹோசியத்.

"சாரோஸ், மூணாவது எங்க?"

குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டது. அந்தக் குனிந்த தலை முனிஸாவின் உயிரைப் பாதி எடுத்துவிட்டது. கசப்பு என்று துப்பிய குழந்தை இன்னொன்றைத் தின்னுமா? தின்னாது. தின்னாது என்று எப்படிச் சொல்ல முடியும்? பந்தயம் கட்டியிருந்தால்? அத்தை தின்கிறாளே என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருந்தால்? பொய் சொல்லத் தெரிந்த குழந்தை, மூணும்தான் என்று அத்தனை தெளிவாகச் சொன்ன குழந்தை.

"கணக்குல வராததை நான் புள்ள வயித்துலதான் வெப்பேன்," என்றார் டாக்டர். "வேற வழியில்ல தங்கச்சி. பிடிச்சுக்கோங்க." நர்ஸ் குழாயை எடுத்தாள். சாரோஸ் மறுபடியும் அலறத் தொடங்கினாள்.

முனிஸா மகளைப் பிடிக்கவில்லை. நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். "ஓபா, கால்ல விழறேன். மூணாவது எங்கன்னு தெரிஞ்சா சொல்லிடுங்க. இவ தின்னாளா?"

ஹோசியத் நாற்பது வருடமாக ஒரு நோன்பும் தவறாதவள். பிரசவத்தின்போது விட்ட நோன்பைக்கூடக் கணக்கு வைத்துப் பின்னால் பிடித்துத் தீர்த்தவள். முனிஸா நோன்பு பிடிக்காததை வாரம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை.

"ரெண்டு," என்றாள். "நான் தின்னது ரெண்டு. எழுதிக்கோங்க டாக்டர். முதல் ஒண்ணு மறதி. ரெண்டாவது மறதி இல்ல."

டாக்டர் நிமிர்ந்தார்.

"முழுங்கினதும் நெனப்பு வந்துருச்சு. துப்பியிருக்கணும். புள்ள அடுத்ததை உரிச்சு நீட்டிட்டு நிக்குது. இனிக்குதா அத்தைன்னு கேக்குது. கசப்பா கசந்துச்சு. ஆனா அந்தப் பல்லில்லாத வாயைப் பாத்துட்டு வேணாம்னு சொல்ல மனசு வரல. தெரிஞ்சேதான் தின்னேன். தெரிஞ்சேதான் முழுங்கினேன்."

டாக்டருக்கு மறதியும் நினைப்பும் ஒன்றுதான். இரண்டு என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்தது. போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார். நகரத்துக்கு அனுப்ப வேண்டும், உடனே ஆம்புலன்ஸ் வேண்டும் என்று அவர் கத்துவது கேட்டது. நர்ஸ் கரித்தூளைக் கரைத்து ஒரு பெரிய கோப்பையை ஹோசியத்திடம் நீட்டினாள், குழந்தைக்கும் கொஞ்சம் கொடுத்தாள். ஹோசியத் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வெயில் இன்னும் இருக்கிறதா என்று ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "இனிமே எதுக்குப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தாள். பல்லும் உதடும் கறுத்துப் போயின. அதைப் பார்த்துக் குழந்தை சிரித்தது.

சாரோஸை நர்ஸிடம் விட்டுவிட்டு முனிஸா ஆம்புலன்ஸில் ஏறினாள். ஏறும் முன் மகளின் நெற்றி, கன்னம், கழுத்து என்று மாறி மாறி முத்தமிட்டாள். குழந்தை முகத்தைத் துடைத்துக்கொண்டது. வண்டி பாப்ளர் மரங்களுக்கு நடுவே அலறிக்கொண்டு ஓடியது. ஹோசியத் படுத்திருந்தாள். கையில் ஊசி, அதன் வழியாக உப்பு நீர் சொட்டியது.

"நல்லாத்தான் இருக்கேன் கெலின். தொண்டை கொஞ்சம் எரியுது, அவ்வளவுதான்."

முனிஸா தலையாட்டினாள். எரிகிற தொண்டைக்குப் பிறகு என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆய்வகத்தில் சில மருந்துகளைக் கழுவிவிட்டால் பாதைகள் மறுபடி முளைப்பதை அவள் பார்த்திருக்கிறாள், நடுவிலிருந்து ஓரத்துக்கு, புல் மாதிரி. இந்த மருந்து அப்படி லேசில் விடாது. பிடித்த மணியைப் பிடித்தபடியே வைத்திருக்கும். உடம்பைக் கழுவ முடியாது. மூன்று நாள் தாண்டினால் சொல்லலாம், அதுவரை யாராலும் எதையும் சொல்ல முடியாது.

"ஒண்ணு கேட்டா உண்மை சொல்லுவியா?" என்றாள் ஹோசியத்.

பிழைப்பேனா என்று கேட்கப் போகிறாள் என்று முனிஸா நினைத்தாள்.

"ரெண்டுன்னு சொன்னேன் பாரு. அப்போ உன் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துச்சு. சிரிச்சே."

வந்தது உண்மை. தன் குழந்தை இல்லை, இன்னொருத்தி என்று தெரிந்த கணத்தில் முனிஸாவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியது. அது நாத்தனாரின் உயிர் என்று தெரிந்தே பொங்கியது. அவமானத்தில் கண் நிறைந்தது.

"அழாதடி. நான் குத்திக் காட்டல. அதையே பாத்துட்டு நானும் சிரிச்சேன். புள்ள இல்லன்னு ஆனதும் எனக்கு எல்லாப் பயமும் போயிருச்சு." ஹோசியத் கறுத்த உதட்டை நக்கிக்கொண்டாள். கண் வண்டிக் கூரையில் நிலைத்திருந்தது. "ஆனா அது அப்போ. இப்ப பயமா இருக்கு, கெலின். ரொம்பப் பயமா இருக்கு. கையைப் பிடிச்சுக்கோ."

முனிஸா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரலிடுக்கில் காய்ந்த மாவு இன்னும் ஒட்டியிருந்தது. நகரத்தின் முதல் கட்டிடங்கள் தெரியத் தொடங்கிய இடத்தில் ஹோசியத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் புரண்டாள்.